வண்டி ஒன்று, ஆள் இரண்டு: ஹேவ்லாக்கா, பாலியா, நம் குமரியா?

என் அக்கா மகளுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம் ஆகிறது. மாப்பிள்ளைக்கு ஆறு நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. இருவரும் ஒரு மாலை மார்த்தாண்டத்திலிருந்து வீட்டுக்கு வந்து, ஏத்தங்காய் சிப்ஸைக் கொறித்தபடியே விஷயத்தை எடுத்தார்கள். "சித்தி, ஏதாவது ஒரு தீவுக்குப் போய் ஸ்கூட்டர் எடுத்துச் சுற்ற வேண்டும். அந்தமான் நல்லதா, பாலி நல்லதா?"

என்னிடம் வந்ததற்குக் காரணம் உண்டு. இரண்டு ஜனவரிக்கு முன் நானும் இவரும் அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்குப் போய் வாடகை ஸ்கூட்டரில் சுற்றினோம். அடுத்த ஜனவரியில் கையில் காசில்லை. அதனால் எங்கள் டிஎன் 74 வண்டியையே எடுத்துக்கொண்டு, சொந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தை வெளியூர்க்காரர்களைப் போல நான்கு நாள் சுற்றினோம். நிபந்தனை ஒன்றுதான்: நாகர்கோவிலைக் கடக்க நேர்ந்தாலும் எங்கள் வீடு இருக்கிற வடசேரிப் பக்கம் வண்டியைத் திருப்பக் கூடாது. பிள்ளைகள் அம்மாவிடம் இருந்தார்கள். பால்காரரிடம் நான்கு நாள் பால் வேண்டாம் என்று சொன்னபோது, "எந்த ஊருக்கு?" என்று கேட்டார். "முட்டத்துக்கு" என்றேன். பேச்சு அதோடு நின்றது.

ஆக, என் தராசில் இரண்டு தட்டு அல்ல, மூன்று. அதில் பாலியை முதலில் எடுத்து வைத்துவிடுகிறேன், ஏனென்றால் அதைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம்.

பாலி பெரிய தீவு. பரப்பில் நம் மாவட்டத்தைப் போல மூன்றரை மடங்கு இருக்கும். கிழக்கே 3,000 மீட்டருக்கு மேல் நிற்கிற ஆகுங் எரிமலை. அங்கே ஸ்கூட்டர்தான் எல்லோருக்கும் கால். நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். இந்த இரண்டையும் கேட்டதும் நம் ஆட்களுக்குத் தைரியம் வந்துவிடுகிறது. ஆனால் நம் ஓட்டுநர் உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே ஓட்டக் கூடாது. சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேண்டும். அதை இங்கே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆயிரம் ரூபாய் கட்டி வாங்கலாம், ஓராண்டு செல்லும். இது இல்லாமல் விழுந்தால், பயணக் காப்பீடு இருந்தும் இல்லாத மாதிரிதான். முறையான உரிமம் இல்லாமல் ஓட்டியவருக்குப் பணம் தர எந்தக் காப்பீட்டுக்காரரும் துடிக்கப் போவதில்லை. விசா கட்டணம் தனி, 2024 பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு பயணியிடமும் வாங்குகிற 1,50,000 ரூபியா சுற்றுலா வரி தனி. ஆறு நாளில் போக ஒரு நாள், வர ஒரு நாள். மீதி நான்கு நாளில் அத்தனை பெரிய தீவை ஸ்கூட்டரில் சுற்ற நினைத்தால், உபுத் பக்க நெரிசலில் வண்டிப் புகையைத்தான் அதிகம் பார்ப்பார்கள். பாலிக்குப் பத்து நாளாவது வேண்டும். பாலியின் பலம் வேறு: ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை அங்கே மழை குறைவு. நம் பள்ளிக்கூட விடுமுறையில் மட்டுமே கிளம்ப முடிகிறவர்களுக்கு, அந்தமானில் மழை பிடிக்கிற மாதங்களில் பாலி திறந்து கிடக்கும்.

லட்சத்தீவையும் மாப்பிள்ளை இடையில் இழுத்தார். அங்கே இறங்க நுழைவு அனுமதி வாங்க வேண்டும். அகத்தி போன்ற தீவின் அகலம் பெரும்பாலான இடத்தில் ஒரு கிலோமீட்டரைத் தொடாது. ஸ்கூட்டரில் ஏறி உட்காருவதற்குள் தீவு முடிந்துவிடும். நம் தூத்தூர் ஆழ்கடல் மீனவர்களுக்கு அந்தக் கடல் அடுத்த வீடு மாதிரி. நமக்கு அது இன்னொரு முறை.

இனி ஹேவ்லாக். 2018 டிசம்பரில் சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். படகுத்துறையில் இறங்கினால் இன்றும் எல்லோர் வாயிலும் ஹேவ்லாக்தான். திருவனந்தபுரத்திலிருந்து சென்னை, சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக விமானம். பிறகு, முன்பு போர்ட் பிளேயராக இருந்து 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆன ஊரிலிருந்து படகு. அரசுப் படகென்றால் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம், தனியார் படகென்றால் ஒன்றரை மணி நேரம்.

வண்டி எடுத்த கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாடம் அதில்தான் இருக்கிறது. படகுத்துறைக்கு வெளியே ஒரு கடையில் நாள் வாடகை 600 ரூபாய் என்று பேசி ஒரு ஸ்கூட்டர் எடுத்தோம். இடது கண்ணாடியின் தண்டு ஆடிக்கொண்டிருந்தது. சைக்கிள் டியூப்பை வெட்டி இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பின் பிரேக்கைப் பிடித்தால் கைப்பிடி வரை வந்து ஒட்டிக்கொள்ளும், வண்டி மட்டும் தன் விருப்பத்துக்கு நிற்கும். பெட்ரோல் முள் சிவப்புக்கோட்டில் படுத்திருந்தது. இவர், "இரண்டு நாள்தானே" என்றார். நான் இறங்கி, "அத்தான், வேறு வண்டி தரச் சொல்லுங்கள்" என்று கடை வாசலிலேயே நின்றுவிட்டேன். இரண்டாவதாக வந்த வண்டியைச் சுற்றி வந்து, கீறல் ஒவ்வொன்றையும் செல்போனில் படம் பிடித்தேன். திருப்பிக் கொடுத்தபோது பின்பக்கக் கீறலுக்கு 1,500 ரூபாய் கேட்டார்கள். படத்தைக் காட்டினேன். தேதியும் நேரமும் அதில் இருந்தன. பேச்சு முடிந்தது.

இன்னொன்று. நம் நாட்டில் வாடகைக்கு விடுகிற இருசக்கர வாகனத்துக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்குத் தந்தால் அது யாரோ ஒருவருடைய சொந்த வண்டி. விபத்து என்று வந்தால் காப்பீடு கைகழுவிவிடும். இது ஹேவ்லாக்குக்கும் பொருந்தும், கோவாவுக்கும் பொருந்தும், கன்னியாகுமரிக்கும் பொருந்தும்.

ஹேவ்லாக்கில் சொல்லிக்கொள்ளும்படி இருப்பது இரண்டே சாலைகள். படகுத்துறையிலிருந்து கிழக்குக் கரையோரமாகக் கோவிந்த நகர், விஜய நகர் தாண்டிக் காலாபத்தர் வரை ஒன்று. நடுவில் கடைத்தெருவில் பிரிந்து, வயலும் பாக்கும் காடுமாக மேற்கே ராதாநகர் கடற்கரைக்குப் போகிறது மற்றொன்று. ஊர்ப் பெயர்களைக் கேட்டாலே தெரியும், கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களைக் குடியேற்றிய தீவு அது. சாப்பாட்டுக் கடையில் மீன் குழம்பில் கடுகு அரைத்து ஊற்றியிருந்தார்கள். நம் தேங்காய்க்குப் பழகிய நாக்கு முதல் நாள் முறைத்தது, மூன்றாம் நாள் இன்னொரு கரண்டி கேட்டது.

இரண்டு சாலையையும் ஒன்றரை நாளில் முடித்துவிட்டோம். அதன் பிறகு வண்டி அறை வாசலில் நின்றது. நாங்கள் தண்ணீருக்குள் இருந்தோம். ராதாநகரில் மணல் மாவு போல இருக்கிறது. 2004இல் டைம் இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதிய இடம் அதுதான். எலிஃபெண்ட் கடற்கரையில் கண்ணாடியும் குழாயும் மாட்டி முகத்தைத் தண்ணீரில் வைத்தேன். கடல் ஓரத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்கு, நாற்பது வயதில் முதன்முறையாகக் கடலின் உள்பக்கம் தெரிந்தது. பவளத்துக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் மீன் வந்து என் கையைப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் திரும்பிப் போனது. முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கிற இடத்தில் மட்டும் காலை நனைக்கக் கூடாது. அந்தப் பலகைகள் சும்மா வைத்தவை அல்ல. சங்கு, பவளம் எதையும் பொறுக்கிப் பையில் போடவும் கூடாது. விமான நிலையத்தில் எடுத்து வைத்துவிடுவார்கள்.

நேரக் கணக்கு ஒன்று எங்களை ஏமாற்றியது. இங்கே ஜனவரியில் சூரியன் ஆறேகாலுக்கு மேல் மறைகிறது. அங்கும் அதே இந்திய நேரம்தான், ஆனால் தீவு நம்மைவிடப் பதினைந்து பாகை கிழக்கே இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடம் என்று போட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரம். ஐந்தேகாலுக்கெல்லாம் ராதாநகரில் சூரியன் கடலுக்குள் போய்விட்டது. ஆறு மணிக்கு மரங்களுக்கு நடுவே கும்மிருட்டில், ஒற்றை முகப்பு விளக்கை நம்பிப் பத்து கிலோமீட்டர் திரும்பி வந்தோம். அங்கே நாளை ஐந்து மணிக்குத் தொடங்கி ஐந்து மணிக்கு முடிக்கப் பழக வேண்டும்.

இப்போது நம் ஊர். இங்கே முதலிலேயே ஒரு கசப்பைச் சொல்லிவிட வேண்டும்: நம் கடல் பார்ப்பதற்கான கடல், இறங்குவதற்கானது அல்ல. மாவட்டத்துக்குச் சுமார் 72 கிலோமீட்டர் கடற்கரை இருக்கிறது. அதில் இருவர் நிம்மதியாக நீந்துகிற இடம் எது என்று என்னிடம் கேட்டால் பதில் இல்லை. எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் வீசுகிற புயல், இங்கே காற்றே இல்லாத நல்ல வெயிலில் கரையேறி வரும். கள்ளக்கடல் என்று நம் கடற்கரைக்காரர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அதைவிடப் பொருத்தமாக வைக்க முடியாது. 2024 மே மாதத்தில் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனது. எச்சரிக்கை வந்த நாளில் கால் நனைக்கவும் போகாதீர்கள்.

ஆனால் ஸ்கூட்டருக்கு இங்கே வேலை இருக்கிறது. நாள் முழுக்க இருக்கிறது. ஹேவ்லாக்கில் வண்டி எங்களைக் கடலில் கொண்டு விட்டதோடு சரி. இங்கே கொண்டு விடுவதற்கு ஒற்றை இடம் என்று ஒன்று கிடையாது. தோவாளை பூச்சந்தையில் விடிவதற்கு முன்னே தொடங்கலாம். பிச்சிப்பூ வாசனை தலைக்கவசத்துக்குள் ஏறிக்கொண்டு மதியம் வரை கூட வரும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளுக்குக் கீழே வண்டி பக்கவாட்டில் தள்ளும். ஜூன், ஜூலையில் அந்தச் சாலையில் ஸ்கூட்டர் ஓட்டுவது வீரம் அல்ல, அசட்டுத்தனம். ஜனவரியில் சுகம்.

வட்டக்கோட்டையில் இவர் ஒரு கணக்குப் போட்டார். அந்தக் கோட்டையைப் பலப்படுத்தியவர் டச்சுத் தளபதி டிலனாய். அவர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுப் பிடிபட்டது 1741இல், குளச்சலில். பிறகு அதே மன்னருக்குப் படை பழக்கிக் கொடுத்து, கடைசியில் அடக்கமானது புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள். கிழக்கே வட்டக்கோட்டையில் தொடங்கி, கடலோரமாகக் குளச்சல் போய், உள்ளே திரும்பி உதயகிரியில் முடித்தால், ஒரு மனிதனின் வாழ்க்கையை முன்னும் பின்னுமாக ஒன்றரை நாளில் ஸ்கூட்டரில் ஓட்டி முடித்துவிடலாம். பஸ்ஸில் இதைச் செய்ய ஐந்து இடத்தில் இறங்கி ஏற வேண்டும். காரில் செய்யலாம், ஆனால் கடலோர ஊர்த் தெருக்களில் எதிரே மீன் வண்டி வந்தால் பின்னாலேயே போய்க்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கன்னியாகுமரி ஊரில் ஓர் இரவு தங்கினோம். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை ஐயப்ப பக்தர்கள் கூட்டம். அறை வாடகை ஏறி நிற்கும், பாறைக்குப் போகிற படகுக்கு வரிசை வளைந்து கிடக்கும். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் இடையே 2024 டிசம்பர் 30 அன்று திறந்த கண்ணாடிப் பாலம் 77 மீட்டர் நீளம். அதற்காகவே கூட்டம் இன்னும் கூடியிருக்கிறது. புதுமணத் தம்பதி ஜனவரிக் கடைசியில் வருவது நல்லது.

தங்குவதில் உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு, அதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். ஒரு விடுதி வரவேற்பில் ஆதார் அட்டையை நீட்டினோம். அந்தப் பையன் முகவரியைப் படித்தான், எங்களைப் பார்த்தான், மறுபடி முகவரியைப் படித்தான். "நாகர்கோவில்தானே? அரை மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்விடலாமே" என்றான். பிறகு அவன் கண் என் கழுத்துச் செயினில் போய் நின்றது. இருபது வருடக் கல்யாணத்தை ஒரு விடுதி மேசையில் நிரூபிக்க வேண்டி வரும் என்று நான் நினைத்ததே இல்லை. உள்ளூர் முகவரிக்காரர்களுக்கு அறை தருவதில்லை என்று கடைசியில் சொல்லிவிட்டான். அடுத்த விடுதியில் சிக்கல் இல்லை. புதுமணத் தம்பதி என்றால் இருவருடைய அட்டையிலும் வெவ்வேறு முகவரி வேறு இருக்கும். முன்கூட்டியே போன் செய்து, உள்ளூர் முகவரி என்பதைச் சொல்லியே அறை எடுங்கள். திருமணப் பதிவுச் சான்றிதழின் படம் ஒன்றைச் செல்போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

கன்னியாகுமரியிலிருந்து மேற்கே கடலோரச் சாலை. சுனாமி அடித்துக்கொண்டு போன பாலத்துக்குப் பதிலாகக் கட்டிய மணக்குடிப் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டினால், ஒரு பக்கம் காயலும் மறுபக்கம் கடலும். சங்குத்துறைப் பக்கம் காலையில் கரமடி இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வரிசை ஆட்கள், இடுப்பில் கயிறு, பின்னோக்கி நடை. வலை கரையேறியதும் சாளை மின்னிக்கொண்டு துள்ளியது. விலை கேட்டேன், மலிவு. பழக்க தோஷத்தில் ஒரு கிலோ வாங்கிவிட்டேன். வாங்கிய பிறகுதான் எனக்கு அடுப்பே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. சொந்த அடுப்பு இருபது நிமிடத் தூரத்தில் இருக்கிறது, நிபந்தனைப்படி போகக் கூடாது. சாலையோர டீக்கடை அக்காவிடம் பையை நீட்டினேன். அவர் அலசி, மிளகாய்ப் பொடியும் உப்பும் தடவி, வடைச் சட்டியிலேயே பொரித்துத் தந்தார். பாதியை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று பேச்சு. "எந்த ஊர்?" என்றார். சொன்னோம். சட்டுவத்தை அப்படியே பிடித்துக்கொண்டு சிரித்தார்.

முட்டத்தில் செம்மண் மேட்டின் மேல் நின்று பார்க்கிற மாலையை ராதாநகர் மாலையோடு வைத்துப் பார்த்தேன். ராதாநகர் அமைதி. முட்டத்தில் பாறைமேல் அலை வெடிக்கிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. இருபது வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு இது வசதி. மூன்று மாதத் தம்பதிக்கு எப்படியோ.

மலைப்பக்கத்தை இந்த ஒப்பீட்டில் சேர்த்தால் ஹேவ்லாக் பாவம். தக்கலைக்கு வடக்கே ஏறினாலே காற்று மாறுகிறது. காலையில் ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டு நடக்கும். மரத்துக்கு மரம் சிரட்டையில் வெள்ளையாகச் சொட்டும். வீட்டு முற்றங்களில் ரப்பர் ஷீட் துணி காய்வது போலத் தொங்கும், நாற்றமும் இலவசம். பரளியாற்றுக்குக் குறுக்கே 115 அடி உயரத்தில் நிற்கிற மாத்தூர் தொட்டிப் பாலத்தில் வண்டியை விட்டுவிட்டு நடந்து போங்கள். 1966இல் முடிந்த அந்தப் பாலம் ஆள் போவதற்காகக் கட்டியதல்ல, தண்ணீர் போவதற்காக. நடுவில் நின்று கீழே பார்த்தால் தென்னைமரத்தின் உச்சி தெரியும். தென்னையை மேலிருந்து பார்க்க வேறு இடம் எனக்குத் தெரிந்து இல்லை. கடலில் இறங்காத குறையைத் திற்பரப்பு அருவியில் தீர்த்துக்கொண்டோம். பேச்சிப்பாறை அணையைக் கட்டிய மிஞ்சின் என்கிற பொறியாளரை ஊர்க்காரர்கள் மூக்கன் துரை என்று அழைத்ததும், அவருடைய சமாதி அங்கேயே இருப்பதும், இத்தனை வருடம் அந்த அணைத் தண்ணீரில் விளைந்ததைச் சாப்பிட்ட எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை போகாதீர்கள், விடுமுறை. எங்களுக்கு அது வாசலில்தான் தெரிந்தது.

நம் சாலைகளின் குறையை மறைத்துப் புகழ எனக்கு மனமில்லை. கல்லும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு கேரளாவுக்கு ஓடுகிற டிப்பர் லாரிகள் பின்னால் வந்தால், ஓரத்தில் ஒதுங்கி நின்று விட்டுவிடுவதே நல்லது. மார்த்தாண்டம், தக்கலை வழியாக நெடுஞ்சாலையில் போகாமல், எவ்வளவு சுற்றானாலும் உள்சாலையில் போங்கள். இருவருக்கும் தலைக்கவசம் வேண்டும். பின்னால் இருப்பவருக்கு இல்லை என்றாலும் அபராதம் உண்டு. சொந்த வண்டிதானே என்று காப்பீட்டைப் பார்க்காமல் கிளம்பவும் கூடாது. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்திருந்தால், பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அதில் பாதுகாப்பு கிடையாது. முழுக் காப்பீட்டில் உண்டு. பின்னால் உட்கார்ந்திருந்தது பாதி நேரம் நான், மீதி நேரம் இவர் என்பதால் இந்த வாக்கியத்தை இரண்டு முறை படித்தோம்.

பணம்: இருவருக்கும் எல்லாம் சேர்த்து ஹேவ்லாக்குக்கு 58,000 ரூபாய் ஆனது. குமரிக்குப் பதினோராயிரத்துச் சொச்சம், அதில் சாளை வாங்கியதும் அடக்கம்.

அக்கா மகளிடம் நான் திருப்பிக் கேட்டது ஒரே கேள்வி. "உங்களுக்குக் கடலில் இறங்க வேண்டுமா, வண்டி ஓட்ட வேண்டுமா?" மாப்பிள்ளை "வண்டி" என்றார். அவள் அதே மூச்சில் "கடல்" என்றாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கடைசியில் இப்படி முடிவு செய்திருக்கிறோம். பிப்ரவரியில் ஆறு நாளும் அந்தமான். ஹேவ்லாக்கில் ஸ்கூட்டர் இரண்டு நாளுக்கு மட்டும், அதற்கு மேல் வாடகை வீண். பிறகு பக்கத்திலிருக்கும் நீல் தீவுக்குப் படகு. தட்டையான சின்னத் தீவு, சைக்கிளே போதும், கரைக்குப் பக்கத்திலேயே பவளம். படகு டிக்கெட்டை விமான டிக்கெட்டோடு சேர்த்தே எடுத்துவிட வேண்டும். திரும்பி வருகிற விமானத்துக்கு முந்தின நாளே ஸ்ரீ விஜயபுரம் வந்து சேர்ந்துவிட வேண்டும், கடல் கெட்டால் படகை நிறுத்திவிடுவார்கள்.

மாப்பிள்ளைக்கு முகம் கொஞ்சம் வாடியிருந்தது. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "சித்தி, அந்த மாத்தூர் பாலத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்?" என்று கேட்டார். மார்த்தாண்டத்தில் பிறந்த பிள்ளை.